எங்கள் வீட்டு வேலைநிறுத்தம்

எனக்குக் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அறுபதுகள் முடியப்போகும் காலம். அப்போது எங்கள் வீட்டில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. வீட்டில் என்றால் வீட்டிலேதான். கொடி நட்டு, கோஷம் போட்டு, சங்கத் தலைவரே சைக்கிளில் வந்து பேச்சுவார்த்தை நடத்திய வேலைநிறுத்தம். முதலாளி என் வீட்டுக்காரர். அவருக்கு எதிராக வாசலில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

அவர் முதலாளி என்று சொன்னதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. பகலெல்லாம் அவர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு பெரிய பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு வைத்து வெட்டிக் கொடுக்கிற வேலை. அந்தக் காலத்தில் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த ஆண்பிள்ளை எல்லாருக்கும் ஒரே நினைப்புதான், நாமும் எப்போது கம்பெனி வைப்பது என்று. இவருக்கும் இருந்தது. மூடிப்போன கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பழைய மெஷின்களை வாங்கிக்கொண்டு வந்து, நாங்கள் குடியிருந்த வளவில் எங்கள் வீட்டு முன்னறையில் போட்டார். வரிசையாக வீடுகள் கட்டி வாடகைக்கு விட்ட இடத்தை எங்கள் பக்கம் வளவு என்போம். வீட்டுக்கு இரண்டு அறை. முன்னறை கம்பெனி, பின்னறை குடும்பம். நடுவில் கதவு கிடையாது, என் பழைய சேலைதான் தொங்கியது. குழம்பில் பஞ்சு மிதக்கும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம்.

கம்பெனியில் மூன்று பேர் வேலை செய்தார்கள். துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் பக்கத்து வீதி பாய். நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். இன்னொரு மெஷினில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மழையில்லாமல் பிழைக்க வந்த ஒரு வாலிபர். அவருக்கு எல்லாரும் அண்ணாச்சி. மூன்றாவது, தைத்து வந்த பனியனில் பிசிர் வெட்டுகிற ஒரு அக்கா. கைத்தறி நெய்கிற குடும்பம். தறியில் பாவு ஏறாமல் போனபின் கத்தரிக்கோலைப் பிடித்தவர். நெற்றி நிறையத் திருநீறு, வாய்க்கு வாய் முருகா. பிசிர் வெட்டிய பனியனை மடித்து அடுக்கிக் கட்டுகிற வேலை என்னுடையது. அதைக் கைமடி என்பார்கள். பெரிய கம்பெனிகளில் கைமடிக்குக் கூலி உண்டு. எனக்குக் கிடையாது. நான் முதலாளியம்மா.

என் வீட்டுக்காரருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவர் தொழிலாளர் சங்கத்தில் எங்கள் வீதிக்குப் பிரதிநிதி. குரல் அப்படி. அவர் வாயைத் திறந்தால் நொய்யலுக்கு அக்கரையில் கேட்கும் என்பார்கள். புதிதாக மெம்பர் சேர்க்கச் சொல்லிச் சங்கத்தில் வற்புறுத்தியபோது, வெளியில் அலையச் சோம்பல்பட்டு, எங்கள் வீட்டில் வேலை செய்த மூன்று பேரையும் சேர்த்து ரசீது எழுதிவிட்டார். அன்று தலைவர் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து எனக்கும் அந்த இடத்தைக் காட்டினார்.

அந்த வருஷம்தான் பெரிய கம்பெனியில் தகராறு வந்தது. விலைவாசி ஏறிவிட்டது, பஞ்சப்படி வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி முடியாது என்றார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் காலையில் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு கோஷம் போடப் போவார். மத்தியானம் தொண்டை கட்டிப்போய் வருவார். வந்ததும், கட்டிய தொண்டையிலேயே முன்னறையைப் பார்த்து, "வெசயா ஓட்டுங்க, வெசயா ஓட்டுங்க, சாயந்தரம் சரக்குப் போகோணும்" என்று அவசரப்படுத்துவார். பெரிய கம்பெனியில் சம்பளம் நின்றுபோனதால் இந்த இரண்டு மெஷின்தான் எங்களுக்குச் சோறு. சோறு சாப்பிட்டால்தான் கோஷம் போட முடியும். அதனால் அங்கே வேலை நிற்பதற்காக இங்கே வேலை அதிகமானது.

பாய் ஒரு தடவை கேட்டார். "ஏனுங்க, அங்க என்னென்ன கேக்கறீங்க?"

இவருக்கு அதைக் கேட்டதும் குஷி பிறந்துவிட்டது. நின்றபடியே கேட்டில் பேசிய பேச்சை முழுக்கப் பேசினார். பஞ்சப்படி, கேண்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, பெண்களுக்குத் தனிக் கக்கூஸ். "எந்தக் கம்பெனியா இருந்தாலுஞ் செரி, எவ்வளவு சின்னக் கம்பெனியா இருந்தாலுஞ் செரி, இதெல்லாம் தொழிலாளியோட உரிமைங்க!" என்று முடித்தார். கோவில்பட்டி வாலிபர் மெஷினை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். "கை தட்டுனது போதும், ஓட்டு" என்றார் இவர்.

கேட்டில் உட்கார்ந்து ஒன்றும் நடக்காமல் போகவே, சங்கத்தில் வேறு முடிவெடுத்தார்கள். ஊர் முழுக்க எந்தப் பனியன் கம்பெனியிலும் ஒரு நாள் மெஷின் ஓடக் கூடாது. தொண்டர்கள் வீதி வீதியாகப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் வீதியைப் பார்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கு வரும்? அவருக்குத்தான் வந்தது.

அன்று காலையில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயிடம், "இன்னிக்கு மெஷின் ஓடக் கூடாதுங்க. ஆனா சரக்கு இன்னிக்குக் குடுக்கோணும்" என்றார்.

பாய் மெஷினைத் துடைப்பதை நிறுத்தினார். "ரெண்டும் எப்படீங்க?"

"சத்தம் வெளிய கேக்காம ஓட்டுங்க."

வீட்டில் இருந்த ஜமுக்காளம், போர்வை, என் கல்யாணக் கோரைப்பாய் எல்லாவற்றையும் ஜன்னலிலும் கதவிலும் கட்டினோம். உள்ளே வேர்த்துக் கொட்டியது. அப்படியும் ஓவர்லாக் சத்தம் அடங்குமா? அவர் போகும்போது என் காதோரம் வந்து, "புள்ள, நாங்க வர்ற சமயத்துல நீ உரல்ல எதையாச்சும் இடி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாசலில் மிளகாய் வற்றல் இடித்தேன். கையில் கிடைத்தது அதுதான். கொடியோடு கூட்டம் எங்கள் வளவு வாசலுக்கு வந்தது. முன்னால் அவர். "நிறுத்து நிறுத்து, மெஷினை நிறுத்து!" என்று என் முகத்தைப் பார்த்து முழங்கினார். மிளகாய் நெடி ஏறிக் கூட்டம் முழுக்கத் தும்மியது. கோஷத்துக்குப் பதில் கோஷம் வரவில்லை, தும்மல்தான் வந்தது. ஒரு தொண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மாஸ்டரே, உங்கூட்டுல மெஷின் ஓடறாப்பல இருக்குதுங்களே" என்றார்.

"மொளகா இடிக்கறாங்க, கேக்குதல்லொ?"

"அம்மிணி உலக்கைய நிறுத்தினப்பறமும் கேக்குதுங்க."

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். ரொம்ப அக்கறையாகக் கேட்டார். "அது அடுத்த வீதி" என்று சொல்லி, கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீதியைப் பார்த்து ஆவேசமாக நடந்தார். கூட்டமும் தும்மிக்கொண்டே பின்னால் போனது.

உள்ளே வந்தேன். மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாலிபர் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தார். பாயும் சிரித்தார். பிசிர் வெட்டும் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலில் கட்டியிருந்த ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டே, "முருகா, களவாண்ட பொருளை மூடி வெக்கற மாதிரி நம்மளையல்லொ மூடி வெச்சுப்போட்டாரு" என்றார். அதற்கப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் மூன்று பேரும் எப்போதும் வருகிற நேரத்துக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை. வாசலில் முருங்கை மர நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்னங்க, ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

வாலிபர் எழுந்து நின்றார். "ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மதினி. ஸ்டிரைக் செய்யுதோம். கதவுக்குப் பொறத்தால கொடி இருக்கும், எடுத்துத் தாங்க."

கொடுக்கலாமா கூடாதா என்று குழம்பினேன். அது சங்கத்துக் கொடி. கேட்பவர்கள் சங்கத்து மெம்பர்கள். ரசீது எழுதியவரே என் வீட்டுக்காரர். எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதை முருங்கை மரத்தில் கட்டினார்கள்.

வழக்கமான நேரத்துக்கு டீ போட்டேன். போட்ட பின்தான் இதைக் கொடுக்கலாமா என்ற யோசனை வந்தது. அவர்களுக்கும் அதே யோசனை. முதலாளி வீட்டு டீயை ஸ்டிரைக்கில் குடிப்பது சரியா என்று வாலிபர் கேட்டார். பாய் டம்ளரை வாங்கிக்கொண்டு, "இது அம்மிணி போட்ட டீங்க. மொதலாளி போட்டதில்லீங்க" என்றார். எல்லாரும் குடித்தார்கள்.

அக்கா டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எந்தப் பக்கம் கண்ணு?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் அதற்குமுன் கேட்டதில்லை. மடித்து அடுக்கியே என் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. பின்னறையில் பாதி மடித்த பனியன் மலையாகக் கிடந்தது. நான் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதுகு வலி தெரிந்தது. பகலில் சும்மா உட்கார்ந்து எத்தனை நாளாகியிருந்தது!

கோஷம் போட வேண்டும் என்றார் வாலிபர். அவர் ஊர்ப் பேச்சில் போட்டால் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பாயைப் போடச் சொன்னோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதலாளி அவுங்களே, கொஞ்சம் மனசு வைங்க!" என்றார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது. அதையே எல்லாரும் சொன்னோம்.

மத்தியானம் அவர் வந்தார். தொண்டை சுத்தமாகப் போயிருந்தது. முருங்கை மரத்தில் கொடியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பரவால்லியே, நம்ம வளவுலயும் ஸ்டிரைக்கா! எந்தக் கம்பெனிக்காரன்?"

பாய் எழுந்து நின்று, துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கதானுங்க" என்றார்.

அவருக்குப் புரிய நேரமாயிற்று. ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் நான். "நீ எதுக்கு புள்ள இங்க உக்காந்திருக்கறே? சோறு?"

"ஸ்டிரைக்குங்க" என்றேன்.

"உனக்கு ஆரு மொதலாளி?"

நான் அவரையே பார்த்தேன். அவர் உள்ளே போய்ப் பானையைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. பழைய சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். ஊறுகாய் எங்கே இருக்கிறது என்று கேட்கவும் வழியில்லாமல் வெறும் உப்பைத் தொட்டுக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. எழுந்து போகலாம் என்று பார்த்தால் அக்கா என் முந்தானை மேல் உட்கார்ந்திருந்தார். தெரிந்துதான் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து, "என்னதான் கேக்கறீங்க?" என்றார். வாலிபர் ஒன்றும் விடாமல் சொன்னார். பஞ்சப்படி, கேண்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, பெண்களுக்குத் தனிக் கக்கூஸ்.

"சைக்கிள் ஸ்டாண்டா? ஆருகிட்ட சைக்கிள் இருக்குது?"

"யாருகிட்டயும் இல்ல அண்ணாச்சி. எவ்வளவு சின்னக் கம்பெனியா இருந்தாலும்னு நீங்கதான சொன்னீங்க?"

அவர் நேராகச் சங்கத்துக்குப் போய்த் தலைவரிடம் புகார் சொன்னார். தலைவர் ஒல்லியான மனிதர், பேசுவதற்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அடுத்த நாளே சைக்கிளில் வந்துவிட்டார். முன்னறையில் கோரைப்பாய் விரித்தோம். அந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர். இந்தப் பக்கம் மெஷின் ஸ்டூலில் என் வீட்டுக்காரர். தலைவர் நடுவில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"செரி, தொழிலாளி பக்கத்துல ஆரு பேசறீங்க? சங்கத்து வழக்கப்படி வீதிப் பிரதிநிதிதான் பேசோணும்."

எல்லாரும் ஸ்டூலைப் பார்த்தோம். எங்கள் வீதிப் பிரதிநிதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வேற ஆளைப் போடுங்க தலைவரே" என்றார் இவர்.

"அதுக்குக் கமிட்டி கூடோணும். கமிட்டிக்காரங்க அத்தனை பேரும் உங்க பெரிய கம்பெனி கேட்டுல உக்காந்திருக்காங்க. நீங்களே மாறி மாறிப் பேசுங்க. உங்குளுக்குத் தெரியாததா?"

அவர் எழுந்து எங்கள் பக்கம் வந்து பாயில் உட்கார்ந்தார். முதலில் காலி ஸ்டூலைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் பேசினார். ஆனால் பழகிய பேச்சாயிற்றே, போகப் போகச் சூடு பிடித்துவிட்டது. விலைவாசி என்ன, அரிசி என்ன, மண்ணெண்ணெய் என்ன என்று கேட்டார். எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்து, "கட்டுபடியாகாதுங்க" என்று ஈனஸ்வரத்தில் பதில் சொன்னார். திரும்ப வந்து பாயில் உட்கார்ந்து, "கட்டுபடியாகலீன்னா எதுக்குக் கம்பெனி வெச்சீங்க?" என்று கர்ஜித்தார். மறுபடி ஸ்டூலுக்குப் போனபோது அவர் முகம் உண்மையாகவே வாடியிருந்தது. பாய் மனம் பொறுக்காமல், "மாஸ்டரே, அவுங்களை அப்படிக் கோவிச்சுக்காதீங்க" என்றார்.

பஞ்சப்படி, பெரிய கம்பெனியில் எவ்வளவு முடிவாகிறதோ அதில் பாதி என்று தீர்ந்தது. கேண்டீன் என்பது நான் போடும் டீதான், ஆனால் இனிமேல் அதைக் கேண்டீன் என்று சொல்ல வேண்டும். முருங்கை மரத்தடி சைக்கிள் ஸ்டாண்டு ஆனது. தலைவர் வெளியே போய்த் தம் சைக்கிளை அதில் சாத்திவிட்டு வந்தார்.

கடைசியாகக் கக்கூஸ். அவர் பாயில் உட்கார்ந்து, கையை நீட்டி, கேட்டில் முழங்குகிற அதே குரலில், "நான் கேக்கறேன், உங்க கம்பெனியில வேலை செய்யற பொம்பளைங்க எங்க போவாங்க? எங்க போவாங்கன்னு உங்குளுக்குத் தெரியுமா?" என்றார்.

எழுந்து ஸ்டூலுக்குப் போனார். உட்கார்ந்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "எங்க புள்ள போறீங்க?" என்றார்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர். ஆண்கள் எந்நேரமும் தண்டவாளத்தோரம் போய்விட்டு வருவார்கள். நான் சொன்னேன். விடியுமுன் ரயில்வே லைனுக்கு அக்கட்டால முள்ளுக்காட்டுக்குப் போவோம். அதை விட்டால் இருட்டின பிறகுதான். நடுவில் வந்துவிடக் கூடாது என்று பகலில் டீயோடு சரி, தண்ணீர் குடிப்பதில்லை. அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்து இரண்டு நாள் வேலைக்கு வராமல் இருந்ததும் அதனால்தான். அந்த இரண்டு நாளுக்கும் கூலி கிடையாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாய் தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "செரி, தோண்டிப்போடலாம்" என்று மட்டும் சொன்னார். அக்கா, "அப்படியே கைமடிக்குக் கூலியும் எழுதிக்குங்க தலைவரே" என்றார். அதற்கும் அவர் தலையை ஆட்டினார்.

வளவின் சொந்தக்காரர் லேசில் சம்மதிக்கவில்லை. கக்கூஸ் வந்தால் வளவு அசிங்கமாகிவிடும் என்றார். அவர் வீட்டம்மா ஒரு நாள் பின்பக்கமாக வந்து, எந்த இடம், சாவி யாரிடம் இருக்கும், தானும் வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் சம்மதம் வந்தது. கிணற்றுக்கு எட்டத்தில் மூலையில் குழி தோண்டினார்கள். பாயும் வாலிபரும் தோண்டினார்கள், இவரும் தோண்டினார். சுவருக்குக் காசில்லை. காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை செய்த என் அப்பா, பழைய எண்ணெய் டின்களை வெட்டித் தட்டையாக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அதையே நாலு பக்கமும் அடித்தோம். வெயிலில் அது வெள்ளிக் கோயில் மாதிரி மின்னும். உச்சி நேரத்தில் தேங்காயெண்ணெய் வாசம் வரும். உள்ளே போய் வந்தால் தலைக்கு எண்ணெய் வைத்த மாதிரி இருக்கிறது என்பார் அக்கா.

அதற்கப்புறம் எங்கள் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்த பெண்களைச் சமாளிக்க முடியவில்லை. இருப்பதே இரண்டு மெஷின். பெரிய பெரிய கம்பெனியிலிருந்தெல்லாம் வந்தார்கள். கூலி எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. "இங்க இருக்குதுங்களாமே?" என்றுதான் கேட்டார்கள். வீதியில் கம்பெனி வைத்திருந்த மற்ற முதலாளிகள் கூட்டமாக வந்து, இப்படி வசதி செய்து கொடுத்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று சண்டை போட்டார்கள். இவர் பிரதிநிதிக் குரலில் பதில் சொல்லி அனுப்பினார். உள்ளே வந்து, "நானாக் குடுத்தேன்? அடிச்சல்லொ வாங்கினீங்க" என்று என்னிடம் முனகினார்.

பெரிய கம்பெனித் தகராறு யாரும் நினைக்காத விதத்தில் தீர்ந்தது. பஞ்சப்படி தர முதலாளி சம்மதித்தார். சம்மதித்த கையோடு, இனித் தையல் பிரிவே வேண்டாம் என்று முடிவு செய்தார். தைக்கிறவர்களைக் கூப்பிட்டு, அவரவர் மெஷினை அவரவரே தவணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் போட்டுத் தைத்துக் கொடுங்கள், துணி நான் தருகிறேன் என்றார். கேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் கட்டை வண்டிகளில் மெஷினை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரே வாரத்தில் அத்தனை பேரும் முதலாளி. வெற்றி வெற்றி என்று கோஷம் போட்டுக்கொண்டே போனார்கள். பஞ்சப்படி யாருக்குத் தருவது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

எடுக்க ஆளில்லாத இரண்டை இவர் தவணைக்கு எடுத்துவர, எங்கள் முன்னறையில் மெஷின்கள் நாலாயின. பாயும் அந்த வருஷமே தம் வீட்டில் இரண்டு போட்டார். என் கூலி சனிக்கிழமை தவறாமல் வந்தது. அதில் முதன்முதலாக எனக்கென்று வாங்கியது ஒரு ஜோடிச் செருப்பு.

அடுத்த மே தினத்தில் சங்கத்து ஊர்வலம் புறப்பட நேரமாகிவிட்டது. வரவேண்டியவர்கள் எல்லாரும் வீட்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முச்சந்தியில் காத்து நின்றார். ஒருவழியாகக் கூட்டம் சேர்ந்து எங்கள் வீதி வழியாக வந்தபோது நானும் அக்காவும் வாசலுக்கு வந்து பார்த்தோம். என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். பக்கத்திலேயே பாய். பின்னால் கட்டை வண்டியில் மெஷின் ஏற்றிப் போனவர்கள் அத்தனை பேரும். உலகத் தொழிலாளர்களை ஒன்று சேரச் சொல்லி அவர்கள் முழங்கினார்கள். வீதியின் இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் என்ன சொல்கிறார்கள் என்று சரியாகக் கேட்கவில்லை. அக்கா என் தோளைத் தட்டி, "வா கண்ணு, சரக்குக் கெடக்குது" என்றார். நாங்கள் உள்ளே போனோம்.